காக்காதின்னி

...அந்த நாற்காலியில உக்காராத தம்பி. அது மண்ணுப்பூச்சிங்க வரிசை. நீ அந்தாண்டக்காரன், எதிர்ல போ. ...சரி, உக்காந்துட்ட. இரு.

சிரிக்காத. மண்ணுப்பூச்சின்னா கேவலமா? மண்ணுக்குள்ள முண்டி முண்டிப் போற பூச்சி. மேற்கு ஆஸ்திரேலியாவுல பொறந்தவனுக்கு அதான் பேரு. உன்னை மாதிரி அடிலெய்டுக்காரனுக்கு? காக்காதின்னி! குயின்ஸ்லாந்துக்காரன் வாழைப்பழம் வளைக்கிறவன். வேற பொழப்பில்ல பாரு. மொத்தத்துல பாலைவனத்துக்கு அந்தாண்ட இருக்கிற எல்லாரும் அந்தாண்டக்காரங்க. முடிஞ்சுது.

நம்ம க்ளப்புல மாநில தினம்னா உங்க பக்கத்தோட எங்களுக்குப் புல்தரையில பந்து உருட்டுற ஆட்டம். பத்தொம்பது வருசமா எங்களுக்கு நான்தான் கேப்டன். இந்த நோயல் இருக்கானே... அதோ, குனிஞ்சு புல்லைத் தடவிக்கிட்டு நிக்கிறான். நல்லா உருட்டுவான்தான். அதுக்காக? இந்த வருசம் அவனைக் கேப்டனாக்கணுமாம்! மெல்போர்ன்ல பொறந்தவன். ரெண்டு வயசுல இங்க வந்தானாம், அறுபது வருசம் ஆச்சாம். ஆகட்டுமே! காக்கா கூட்டுல பொரிச்சா குயிலு காக்கா ஆயிடுமா?

விட்டேனா? போன மாசக் கூட்டத்துல எழுந்தேன். "பொறப்புச் சான்றிதழைக் கொண்டா. இங்க பொறந்தவன்தான் மண்ணுப்பூச்சி"ன்னேன். எல்லாரும் கை தூக்கினாங்க. நோயலு மூஞ்சியைப் பாக்கணுமே!

அப்புறம் அந்த க்ளெனிஸ், நம்ம செயலாளரம்மா, "உங்களோடது எங்க?"ங்கிறா. என்கிட்ட! எழுபத்தாறு வருசமா எவன் கேட்டான்? எழுதிப் போட்டேன். நேத்து தபால்ல வந்துச்சு.

...என்ன பாக்குற? எங்கம்மா, அவ அக்கா வீட்டுலருந்து ரயில்ல திரும்பி வந்தாளாம். வழியில வலி. குக்குன்னு நடுப்பாலைவனத்து ஸ்டேஷன்ல இறக்கிட்டாங்களாம். குக்கு எந்தப் பக்கம்? உங்க பக்கம்! உன் அடிலெய்டு இருக்கிற மாநிலம்! எல்லைக்கு இன்னும் மூணு மணி நேரம். மூணே மணி நேரம்! பொறுக்கல எனக்கு. அப்பவே அவசரம்.

சிரிக்காதன்னேன்.

உங்க பக்கத்துப் பட்டியல் உன்கிட்டதான இருக்கு? பேனாவை எடு. ராய்ஸ்னு எழுது. ...யாரு உங்க கேப்டன்? நோயலா? அதுக்குள்ளயா!

...சரி. கடைசியில எழுது. அவன் பேருக்குப் பக்கத்துல வேணாம். அப்புறம், அந்தக் காக்கா விஷயம்... மனசுல வெச்சுக்காத.

என்ன எழுந்துட்ட? எங்க போற? யோவ், நோயல்கிட்டப் போகாத! அவன்கிட்டச் சொல்லாத! தம்பி... நில்லுடா! நீயும் நானும் ஒரே மாநிலத்துக்காரங்கடா!