சோப்புப் பெட்டி மருந்து

எனக்குப் பாடத் தெரியாது, சேர். எந்த வாத்தியமும் வாசிக்க வராது. அதனால் எங்கள் பாட்டுக் குழு எங்கே போனாலும் சாமான் தூக்குவதும் கூடாரம் அடிப்பதும் என் வேலை. அதில் எனக்குக் குறை இருந்ததில்லை. எல்லோரும் மேடையில் நின்றால் கீழே ஒருவன் இருக்கத்தானே வேண்டும்.

போன மாதம் நான் தந்த வாக்குமூலத்தில் பொய் எதுவும் இல்லை. சில விஷயங்கள் விட்டுப்போயின. இன்று அவற்றைச் சொல்ல வந்திருக்கிறேன். நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவசரம் இல்லை.

டிலக்ஷனும் நானும் இரத்தோட்டைக்கு மேலே ஒரே தேயிலைத் தோட்டம், ஒரே லயத்து வரிசை வீடுகள். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். பதினைந்து வயதில், பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் எங்களைக் குளவி துரத்தியது. எனக்கு எட்டு இடத்தில் கொட்டியது. வீங்கி, இரண்டு நாளில் வற்றிவிட்டது. அவனுக்கு இரண்டே இடம்தான். ஆனால் உதடு தடித்து, மூச்சு இழுத்து, முகம் நீலம் பாரித்தது. அவனை முதுகில் தூக்கிக்கொண்டு தார் ரோட்டு வரை ஓடினேன். காப்பாற்றிய டாக்டர், குளவி விஷம் அவன் உடம்புக்கு ஆகாது என்றும் அடுத்த முறை இவ்வளவு நேரம் தாங்கமாட்டான் என்றும் சொன்னார். அவனுடைய அம்மா சவரியம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஒன்னய நம்பித்தான் இவன வெளிய விடுறேன் ஜெராட்டு" என்றார்.

நான் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. மாத்தளையில் மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்ததே அதற்காகத்தான். ஊசி போடப் பழகினேன். டாக்டரின் மருந்துத் துண்டைக் காட்டி, குளவி கொட்டினால் உடனே போட வேண்டிய அட்ரினலின் குப்பி ஒன்றும் சிரிஞ்சும் எடுத்து, ஒரு சோப்புப் பெட்டிக்குள் பஞ்சு வைத்து, அவன் போகிற இடமெல்லாம் கொண்டு போனேன். மடுத் திருவிழாவுக்கு, தலவிலைக் கோயிலுக்கு, கரோல் பாடப் போன வீடுகளுக்கு. திகதி முடிவதற்கு முன்பே குப்பியை மாற்றிவிடுவேன். பதினான்கு வருடத்தில் ஒரு முறைகூட அதைத் திறக்க நேரவில்லை. ஆனாலும் வீட்டை விட்டு இறங்கும்போது டிலக்ஷன் என்னைத் திரும்பிப் பார்ப்பான். நான் பையைத் தட்டிக் காட்டுவேன். அவ்வளவுதான். வேறு எதையும் நான் அவனிடம் எதிர்பார்த்ததில்லை.

மதுஷிகா நாவுலயில் பாலர் பாடசாலை ஆசிரியை. நல்ல பெண். அவளைப் பற்றி நான் தவறாக எதுவும் சொல்ல மாட்டேன். ஜனவரியில் டிலக்ஷனுக்கும் அவளுக்கும் கலியாணம், பிறகு இருவரும் கட்டாருக்குப் போவது என்று பேசி முடித்திருந்தார்கள். எங்கள் குழு பாடவிருந்த இசை விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இருவரும் கடைக்கு வந்தார்கள்.

"ஜெராட் அண்ணா, நான் ஊசி போடப் பழகிட்டேன்" என்றாள். "எங்க ஊர்ல ஒரு நர்ஸ் அக்கா சொல்லித் தந்தாங்க. தோடம்பழத்துல குத்திக் குத்திப் பாத்தேன். இப்ப கை நடுங்குறதே இல்ல."

டிலக்ஷன் சிரித்தான். "பெட்டிய இவகிட்ட குடு மச்சான். எத்தன வருஷமா சுமந்துட்ட. இனியாவது நீ சும்மா ஜாலியா இரு."

கொடுத்தேன். குப்பியின் கழுத்தை உடைக்கிற விதத்தையும் தொடையில் ஊசி போட வேண்டிய இடத்தையும் அவளுக்குக் காட்டினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

விழா நடந்த இடம் உங்களுக்குத் தெரியும். இரத்தோட்டையிலிருந்து மலை ஏறுகிற பாதையில், ஆற்றோரப் புல்வெளி. சனியும் ஞாயிறும். எங்கள் டிரம்ஸ்காரன் ஒஸ்வல்ட் வேனை ஓட்டினான். மதுஷிகாவைத் தனியே அனுப்ப அவள் வீட்டில் விருப்பமில்லை என்பதால் டிலக்ஷனின் தங்கை கெத்தரினும் வந்தாள். ஆக ஐந்து பேர். ஞாயிறு பதினொரு மணிக்குச் சின்ன மேடையில் எங்கள் குழுவுக்கு அரை மணி நேரம் தந்திருந்தார்கள்.

சனிக்கிழமை நான் இடம் பார்த்துக்கொண்டு நடந்தபோது, விழா நடத்தியவர்களில் ஒருவரான அகீல் நானா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்த மருத மரத்துப் பக்கம் டென்ட் அடிக்க வாணாம். மேல குளவிக் கூடு ஈக்கிது. கயிறு கட்டித்தான் வச்சீக்கிறம், அதத் தாண்டிப் போகாதீங்க."

"சரி நானா" என்றேன். கூடாரத்தைத் தள்ளித்தான் அடித்தேன். கூடு இருக்கிற விஷயத்தை மற்றவர்களிடம் சொல்லவில்லை. அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். அதைக் கெடுப்பானேன் என்று பட்டது. முதலுதவிக் கூடாரத்துக்கும் போய்ப் பார்த்தேன். பனடோல் மாத்திரையும் பன்டேஜும்தான் வைத்திருந்தார்கள்.

அன்று நல்ல நாள். டிலக்ஷன் ஆற்றில் கழுத்தளவு தண்ணீரில் நின்று பாடினான். பக்கத்துக் கூடாரத்துச் சிங்களப் பையன்கள் கூடவே பாடினார்கள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் பெரிய மேடைப் பக்கம் கிளம்பினோம். நாலு அடி வைத்துவிட்டு அவன் திரும்பிப் பார்த்தான். நான் வழக்கம்போல் கையைத் தூக்கினேன். அவன் மதுஷிகாவைப் பார்த்தான். அவள் தன் கைப்பையைத் தட்டிக் காட்டினாள். அவன் தலையாட்டிவிட்டு நடந்தான்.

எனக்குக் கோபம் வந்தது என்று நீங்கள் நினைக்கலாம். வரவில்லை. இரண்டு பேருக்கும் ஒரு விஷயத்தை விளங்கப்படுத்த வேண்டும் என்றுதான் தோன்றியது.

ஞாயிறு காலை கெத்தரின் கேட்டாள் என்று மதுஷிகா கூடாரத்து வாசலில், புல்லில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து காட்டினாள். பிறகு இருவரும் முகம் கழுவ ஆற்றுக்குப் போனார்கள். கைப்பை உள்ளே கிடந்தது. நான் குப்பியை எடுத்துக்கொண்டு பெட்டியை மூடி வைத்தேன். என்னிடம் எப்போதும் வேறொரு சிரிஞ்ச் இருக்கும். அவசரம் வந்தால் அவள் பெட்டியைத் திறப்பாள், மருந்து இருக்காது. என்னிடம் இருக்கும். நான் போடுவேன், அவன் பிழைப்பான். யார் எதற்குப் பொருத்தமானவர் என்பது அதற்குப் பிறகு எல்லோருக்கும் தெரிந்துவிடும். திட்டம் என்று சொல்வதானால் இவ்வளவுதான்.

பத்து மணிபோல் குளவி கலைந்தது. டிலக்ஷன் கூடாரத்துக்கு முன்னால் கிட்டாருக்குச் சுருதி கூட்டிக்கொண்டிருந்தான். சனம் சிதறி ஓடியது. ஒஸ்வல்ட் போர்வையை அவன்மேல் போட்டு இழுத்துக்கொண்டு போவதற்குள் நாலு இடத்தில் கொட்டிவிட்டது. நான் ஓடி வந்தபோது அவனை வேறொரு கூடாரத்துக்குப் பின்னால் படுக்க வைத்திருந்தார்கள். உதடு தடித்திருந்தது. ஒஸ்வல்ட் வேனைக் கொண்டுவர ஓடினான். மதுஷிகா பெட்டியைத் திறந்தாள். கை நடுங்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். பஞ்சை எடுத்து உதறினாள். பையைக் கவிழ்த்துக் கொட்டினாள்.

"மருந்து இல்ல! அண்ணா, குப்பிய காணோம்!"

டிலக்ஷன் கண்ணில் படுகிற இடத்தில்தான் நான் நின்றேன். குப்பி என் காற்சட்டைப் பையில், விரல்களுக்குள் இருந்தது. அவன் என்னை ஒரு முறை பார்த்திருந்தால் போதும். பேச வேண்டும் என்றுகூட இல்லை. நான் காத்திருந்தேன்.

அவன் அவள் முகத்தையே பார்த்தான். அவள் கையைத் தேடிப் பிடித்தான்.

"அழாத மது... ஒன்னுமில்ல..."

அதன் பிறகு அவனுக்குப் பேச்சு வரவில்லை. ஒஸ்வல்ட் வேனோடு வர ஆறு நிமிடம் எடுத்தது. ஆறு நிமிடமும் நான் அதே இடத்தில்தான் நின்றேன். வேனுக்குள் அவன் தலை மதுஷிகாவின் மடியில் இருந்தது. கால் பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். இரத்தோட்டைக்கு வருவதற்கு முன்பே மூச்சு நின்றுவிட்டது.

மரண விசாரணையில் மதுஷிகா, காலையில் திறந்து காட்டியபோது குப்பி புல்லில் விழுந்திருக்க வேண்டும் என்றும், அதைத் தான் பார்க்காமல் பெட்டியை மூடிவிட்டதாகவும் சொன்னாள். யாரும் அவளிடம் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. அவளாகவே அந்த முடிவுக்கு வந்திருந்தாள். அடுத்த ஞாயிறு, அந்தப் புல்வெளிக்குப் போய்த் தேட வேண்டும், துணைக்கு வர முடியுமா என்று என்னைக் கேட்டாள். இருவரும் பஸ்ஸில் போனோம். அவள் முழங்காலில் நின்று விரலால் புல்லைக் கோதிக் கோதித் தேடினாள். நானும் தேடினேன். இரண்டு மணி நேரம். குப்பியை அதற்குள் கடையில் திரும்ப வைத்துவிட்டேன். திகதி முடிய இன்னும் ஏழு மாதம் இருந்தது.

முப்பதாம் நாள் பூசை போன திங்கட்கிழமை. கோயில் வாசலில் மதுஷிகா சவரியம்மாவின் காலைப் பிடித்தாள்.

"என்னாலதான் அம்மா. நான்தான் தொலைச்சேன்."

சவரியம்மா அவளைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "எந்திரி மக. அவன் கடைசியா பாத்த முகம் ஒன்னோடதுதான். எனக்கு இனி நீதான் இருக்க."

இரண்டு பேரும் அப்படியே நின்று அழுதார்கள். நான் கையில் மெழுகுதிரியோடு பக்கத்தில் நின்றேன். சவரியம்மா என்னைப் பார்க்கவில்லை. இப்போது தோட்டத்தில் டிலக்ஷனின் பேச்சை எடுத்தால் கூடவே மதுஷிகாவின் பெயரும் வருகிறது. பாவம், அவள் கையால் இப்படி ஆகிவிட்டதே என்கிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை, சேர். செய்யாத ஒன்றை ஒருத்தி தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு திரிவது நியாயமில்லை.

அகீல் நானாவையும் விட்டுவிடுங்கள். ஒலிபெருக்கிச் சத்தத்தில் குளவி கலைந்தது என்று பத்திரிகையில் எழுதினார்கள். அது சரியில்லை. கயிற்றைத் தாண்டிப் போய் மூன்று கல் எறிந்தேன். மூன்றாவது கூட்டில் பட்டது. தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு அந்த நேரத்தில் ஓடக் கூடாது என்று தெரியும். ரெயின்கோட்டைப் போர்த்திக்கொண்டு அவை புல்வெளிப் பக்கம் போகும்வரை அசையாமல் கிடந்தேன். வேறு பதினேழு பேருக்கும் கொட்டியதாகப் பிறகு அறிந்தேன். அதில் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்களாம். அதற்கு வருந்துகிறேன்.

கல்லை எறிந்தது நான். மருந்தை எடுத்தது நான். கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் நின்றதும் நான்தான். டிலக்ஷனின் சாவில் மதுஷிகாவுக்கு எந்தப் பங்கும் இல்லை என்று தெளிவாக எழுதுங்கள். அவள் ஒவ்வொரு ஞாயிறும் நாவுலயிலிருந்து பஸ் ஏறி வந்து, அவன் கல்லறையில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். இனி அவள் வரத் தேவையில்லை என்று சொல்லிவிடுங்கள். அவனுக்கு நான் இருக்கிறேன்.