முன் சீட்டுக்கு எடுத்த அளவு

முனீர் பாய் அவர்களுக்கு,

உங்கள் வீட்டு டிபன் கேரியர் ஏழு மாதமாக எங்கள் வீட்டிலேயே கிடக்கிறது. நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, இந்தக் கடிதத்தோடு கூரியரில் அனுப்புகிறேன். திறக்கும்போது உங்கள் வீட்டம்மா பில்கிஸ் பாபி பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுக்குகளில் இருப்பது சாப்பாடு இல்லை.

உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் முப்பத்து மூன்று வருஷம் வேலூரில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தவள். ஷிஃப்ட் முடிந்து அடுத்தவளிடம் ஒப்படைக்கும்போது, எத்தனை நாள் பார்த்த நோயாளியானாலும் பெயர், வயதிலிருந்துதான் ஆரம்பிப்போம். நடுவிலிருந்து சொன்னால் ஏதாவது விட்டுப்போகும்.

பெயர் ஆபேல். வயது அறுபத்தாறு. என் வீட்டுக்காரர். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் ஃபினிஷிங் செக்‌ஷன் மேஸ்திரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். அதே ஷாப்பில் தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரித்தவர் நீங்கள். இரண்டு பேருக்கும் நாற்பத்து மூன்று வருஷப் பழக்கம். நான் வந்து நாற்பது வருஷம்தான் ஆகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கணக்கு அப்படி.

உங்கள் ஷாப்புக்கு வெள்ளிக்கிழமை லீவு. எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஞாயிற்றுக்கிழமை. ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவே பள்ளிகொண்டாவில் வீடு பார்த்துக்கொண்டு போனோம். ஆனால் வெள்ளிக்கும் ஞாயிற்றுக்கும் நடுவே வீடு பார்க்க யாராலும் முடியாது. முப்பத்து மூன்று வருஷம், பாய். வெள்ளிக்கிழமை நான் வேலைக்குக் கிளம்பும்போது இவர் தூங்கிக்கொண்டிருப்பார். நீங்கள் ஜும்மா முடித்து வந்ததும் இரண்டு பேரும் எங்கேயோ கிளம்பிவிடுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை நான் தனியாக சர்ச்சுக்குப் போய், தனியாகக் கறி வாங்கி வந்து, தனியாகச் சாப்பிடுவேன். ரிட்டயர் ஆனதும் எல்லா ஞாயிறும் நமக்குத்தான் என்று இவரே சொல்லியிருந்தார். நான் அதை நம்பிக் காத்திருந்தேன்.

ரிட்டயர் ஆன ஆறாவது மாதம் அந்த ஜீப் வந்தது. 1962-ஆம் வருஷத்து வில்லிஸ். வாலாஜாபேட்டையில் ஒரு மூடிப்போன ரைஸ் மில்லுக்குப் பின்னால் கோழி அடைந்துகொண்டிருந்த வண்டி. நீங்களும் இவரும் அதை லாரியில் ஏற்றி வந்து, என் துளசிச் செடியையும் துணிக்கொடியையும் எடுத்துவிட்டு வீட்டுப் பின்வாசலில் இறக்கினீர்கள். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, எந்த மலையும் ஏறும் என்று இவர் சொன்னார். அப்போது அதற்குச் சக்கரமே இரண்டுதான் இருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பதினொரு மணிக்கு உங்கள் ஸ்கூட்டர் சத்தம் கேட்கும். சர்ச்சில் இவர் கடைசிப் பாட்டுக்கு முன்பே எழுந்து நிற்பார்.

எனக்கு உங்கள் மேல் ஒரு வருத்தமும் இல்லை. டீ போட்டேன், வடை சுட்டேன், உங்களுக்கு மதியம் லுஹர் தொழ முன் அறையில் தனிப் பாய் வாங்கி வைத்தேன்.

முதல் உருப்படியை நான் திட்டம் போட்டு எடுக்கவில்லை. அடுத்த வாரம் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடும், அதற்கடுத்த ஞாயிறு ஏலகிரி, பிறகு ஜவ்வாது மலை என்று நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் காலி டம்ளர் எடுக்க வந்தேன். மண்ணெண்ணெய்த் தட்டில் கார்புரேட்டரின் பித்தளை ஜெட் ஒன்று கிடந்தது. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. அது டம்ளரோடு உள்ளே வந்துவிட்டது. கை அதுவாகச் செய்தது என்றுகூடச் சொல்லலாம்.

அன்று நீங்கள் நாலு மணி வரை தேடிவிட்டுப் போனீர்கள். பிறகு இவரும் நானும் தேடினோம். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் வண்டிக்கு அடியில் முட்டி போட்டுத் தேடினோம், பாய். தேடும்போது இவர் பேசினார். சின்ன வயதில் ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் இவருடைய அப்பா பச்சைக் கொடி காட்டியதை, ஷாப்பில் முதல் நாள் நாற்றம் தாங்காமல் வாந்தி எடுத்ததை, என்னைப் பெண் பார்க்க வந்தபோது கால் நடுங்கியதை எல்லாம் சொன்னார். இவருக்கு இவ்வளவு பேச வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஜெட் மட்டும் என் ரவிக்கைக்குள் உறுத்திக்கொண்டிருந்தது.

அதன் பிறகு நான்கு வருஷத்தில் பத்து உருப்படி. அவசரப்பட்டு எதையும் எடுத்ததில்லை. வண்டி முடியப்போகிறது என்று தெரிந்தால் மட்டும் ஒன்று. பிரேக்கில் கை வைத்ததே இல்லை. ஆளுக்கு ஆபத்து வரும் எதையும் நான் செய்ய மாட்டேன். ஒவ்வொன்றையும் சுத்தம் செய்து, ஜிப் கவரில் போட்டு, தேதி எழுதி, தையல் மிஷின் டிராயரில் வைத்தேன். தியேட்டரில் கருவிகளின் எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் டாக்டர் வயிற்றைத் தைப்பார். என் எண்ணிக்கை ஒருநாளும் தப்பியதில்லை. இவர் சென்னை புதுப்பேட்டையில் சொல்லிவைத்து அதே பாகத்தை வாங்கி வர இரண்டு மாதம், மூன்று மாதம் ஆகும். அதுவரை தேடல் எங்களுடையது.

முதலில் இவர் பெருச்சாளி என்றார், பொறி வைத்தார். பக்கத்து வீட்டு கோதண்டபாணி, மின்னுகிற எதையும் காக்கா தூக்கிக்கொண்டு போகும் என்றார். உடனே நீங்கள் இரண்டு பேரும் பின்வாசல் முழுக்க வலை கட்டினீர்கள். அந்த வலையைப் பிடித்துக் கொடுத்தவளும் நான்தான்.

இப்போது சீட்டுக்கு வருகிறேன். போன மார்ச்சில் வண்டி முடிந்துவிட்டது. சீட் மட்டும்தான் பாக்கி. நல்ல எருமைத் தோலாக நீங்களே பொறுக்கி எடுத்து வந்தீர்கள். உங்களுக்கு முதுகில் டிஸ்க் விலகியிருப்பதால், டிரைவர் பக்கத்து சீட்டை உங்கள் முதுகுக்குத் தக்கபடி தைக்க வேண்டும் என்று இவர் உங்களை உட்காரவைத்துச் சாக்பீஸால் கோடு போட்டார். தோளுக்கு ஒரு கோடு, இடுப்புக்கு ஒரு கோடு. எனக்கு ஜாக்கெட் தைக்கிறவன்கூட அப்படிப் பார்த்துப் பார்த்து அளவெடுத்ததில்லை. நான் வடைத் தட்டோடு நின்று, எனக்கு எங்கே இடம் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

"பின்னாடி ரெண்டு பெஞ்சு இருக்குதே புஷ்பம், உனக்குத்தான் ஜாஸ்தி எடம்" என்றார். நீங்களும் சிரித்தீர்கள்.

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிறு நீங்கள் முன் அறையில் தொழுதுகொண்டிருந்தபோது உங்கள் ஸ்கூட்டர் சாவி ஜன்னல் கட்டையில் இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றுமே, அந்த ரோட்டாரைக் காலையிலேயே கழற்றி வைத்திருந்தேன். அது இல்லாமல் எஞ்சினில் பொறி வராது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் காஸ் துணியில் சுற்றினால் என் கை என்று தெரிந்துவிடும் என்பதால், எண்ணெய் துடைக்கும் பனியன் வேஸ்டில் சுற்றி உங்கள் ஸ்கூட்டர் பெட்டியில் வைத்தேன். நீங்கள் சலாம் கொடுத்து முடிப்பதற்குள் சாவி பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

சாயங்காலம் டிபன் கேரியரை வைக்க நீங்கள் பெட்டியைத் திறந்தீர்கள். இவர் பக்கத்தில் நின்றார். துணி அவிழ்ந்திருந்தது.

"இன்னா முனீரு இது?" என்றார் இவர்.

"சத்தியமா எனக்குத் தெர்ல ஆபேல்."

இவர் அந்த ரோட்டாரை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நாலு வருசமா நானும் பெருச்சாளின்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்று மட்டும் சொன்னார். நீங்கள் டிபன் கேரியரைக் கேட்டின் மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். நான் அதை எடுத்து உள்ளே வைத்தேன்.

இப்போது நோயாளியின் நிலைமை. எடை ஆறு கிலோ குறைந்திருக்கிறது. பிபி மாத்திரையை டாக்டர் இரண்டாக்கிவிட்டார். ஜீப்பின் மேல் தார்ப்பாய் கிடக்கிறது. எனக்கு எல்லா ஞாயிறும் கிடைத்துவிட்டது. சர்ச் விட்டு வந்து என் பக்கத்திலேயே சோபாவில் உட்காருகிறார், டிவி பார்க்கிறார். ஆனால் வாயைத் திறப்பதில்லை. ஒருநாள் வேண்டுமென்றே என் கண்ணாடியை ஒளித்துவைத்துவிட்டு, தேடலாம் வாருங்கள் என்றேன். "புதுசு வாங்கிக்கோ" என்றார். பதினொரு மணிக்கு ரோட்டில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் கழுத்து மட்டும் திரும்புகிறது. பார்க்கச் சகிக்கவில்லை, பாய். நானே அழுதுவிட்டேன்.

அதனால் நன்றாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இவரிடம் நான் உண்மையைச் சொல்லலாம். ஆனால் சொன்னால் இவர் என்ன செய்வார்? நாற்பது வருஷம் கூட இருந்தவளை இந்த வயதில் எங்கே அனுப்புவார்? அவள் கையால் எப்படி மாத்திரை வாங்கிச் சாப்பிடுவார்? நீங்கள் ஆம்பூரில் இருக்கிறீர்கள். உங்களை மன்னிப்பது இவருக்குச் சுலபம். ஏழு மாதமாக மனசுக்குள் அதைத்தான் ஒத்திகை பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். யாருக்கு வலி குறைவோ அந்த இடத்தில்தான் ஊசி போட வேண்டும். இதில் உங்களுக்கு நஷ்டம் என்று புதிதாக எதுவும் இல்லை. திருடன் என்ற பெயர் ஏற்கெனவே வந்துவிட்டது.

ஆகவே நீங்கள் வந்து, நான்தான் எடுத்தேன் என்று சொல்லிவிடுங்கள். பதினொரு உருப்படியும் கேரியரில் இருக்கிறது. தேதிச் சீட்டுகளைக் கிழித்துவிட்டேன். ஏன் எடுத்தாய் என்று கேட்பார். அதற்கும் யோசித்து வைத்திருக்கிறேன். வண்டி முடிந்துவிட்டால் நம் ஞாயிற்றுக்கிழமை போய்விடுமே என்ற பயத்தில் எடுத்தேன் என்று சொல்லுங்கள். வேறு எந்தக் காரணமும் இவ்வளவு பொருத்தமாக இல்லை. அதைக் கேட்டால் இவர் தாங்க மாட்டார், உங்களைக் கட்டிப்பிடித்துக்கொள்வார்.

படித்ததும் கடிதத்தைக் கொளுத்திவிடுங்கள். யோசிக்க அவகாசம் கேட்காதீர்கள். நேற்றே இவரிடம் சொல்லிவிட்டேன், முனீர் பாய் எனக்கு ஃபோன் செய்து அழுதார், இந்த ஞாயிறு நேரில் வந்து எல்லாவற்றையும் ஒத்துக்கொள்ளப்போகிறார் என்று. இவர் ஷேவிங் செட்டைத் தேடி எடுத்து முகம் மழித்துக்கொண்டார். பிறகு பின்வாசலுக்குப் போய்த் தார்ப்பாயை உருவிப் போட்டுவிட்டு, உங்கள் சீட்டுக்குத் தையல் போட உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் கழித்து என்னைப் பார்த்து, உனக்கு முனீர் மேல் கோபம் இல்லையா என்று கேட்டார்.

நான் உங்களை எப்போதோ மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன்.

இப்படிக்கு,
ஜெயபுஷ்பம் சிஸ்டர்