உப்பும் கருவாடும் ஒரே நம்பரில்

"நம்ம உப்பு வெப்சைட்டைத் தொறந்தா எங்க அண்ணன் கருவாடு வருதுடி!"

மரக்காணத்தில் நான் ஏறிய பாண்டிச்சேரி பேருந்தில், முன் இருக்கைக்காரர் மனைவியிடம் கத்தினார். என் மடியில் குழந்தை அப்போதுதான் தூங்கியிருந்தது. விழித்துவிடுமோ என்று எனக்குப் பயம்.

"வெப்சைட் பேரை அடிக்காம, அது இருக்கற சர்வர் கம்ப்யூட்டரோட நம்பரை ஏன் அடிச்சீங்க? ரெண்டு வெப்சைட்டையும் செஞ்சு குடுத்தது ஒரே ஆளு. ஒரே நம்பர்லதான் ரெண்டும் இருக்குது."

"அண்ணனோட பேசியே ரெண்டு வருஷம் ஆச்சு. நம்ம ஆர்டர் அவருக்குப் போயிடுச்சின்னா?"

"போகாதுங்க. ரோட்டோரம் நாலு பேர் உப்பு வரிசையா குவிஞ்சு கெடக்குது. லாரிக்காரன் பேர் சொல்லித்தானே ஏத்துறான்? பேர் தெரியாம வந்தா மொத குவியல்கிட்ட நிப்பான். அந்த நம்பர்ல மொதல்ல இருக்கறது உங்க அண்ணனோடது, அதான் இது."

"நம்ம குவியலுக்கு இன்னும் ஒரு லாரியும் வரலியே!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் மனைவியின் கைபேசி ஒலித்தது.

"ஏங்க, மொத ஆர்டர்! பத்து மூட்டை கல்லுப்பு."

"யாருடி?"

"உங்க அண்ணன்தான். கருவாடு போடறதுக்காம். 'தம்பியே கொண்டாந்து எறக்கணும்'னு எழுதியிருக்காரு."

அவர் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. எனக்குக் கோபமே வரவில்லை.