ஒருத்தரும் படுக்காத பெட்டி

பாவிச்ச பெட்டி எடுக்க மாட்டியள், அது விளங்குது. ஆனா இது பாவிச்சதில்லயண்ணை. ஒருத்தரும் படுக்கேல்ல. சத்தியமா. பட்டா லொறியில ஏறி மூடியைத் திறந்து பாருங்கோ, உள்ளுக்க வெள்ளைச் சற்றின் துணி ஒரு சுருக்கமில்லாமல் கிடக்கு. என்ன, பயித்தம் பணியாரம் மணக்குதோ? ஓம், அது மணக்கும்தான். நாலு நாளில போயிடும்.

செத்த வீடில்ல. செத்த வீடெண்டால் நான் ஏன் சவப்பெட்டியை உங்கட மலர்ச்சாலைக்கு, பெட்டி விக்கிற இடத்துக்கே, கொண்டு வாறன்? கல்யாண வீடு. லிங்கநகர் வீரசிங்கம் ஐயா வீடு. மகள் பிரசாந்திக்கு வாற வெள்ளி கல்யாணம். சிரிக்காதேங்கோ அண்ணை, முழுக்கக் கேளுங்கோ.

நான் ஹார்பரில கிளார்க். பின்னேரத்தில போனில ஏல வியாபாரம். கடையும் இல்ல, சாமானும் இல்ல. கொழும்புப் பக்கம் ஒரு சப்ளையர் படம் அனுப்புவான். நான் அந்தப் படத்தை ஒன்லைன் ஏலத்தில போடுவன். கூடக் கேட்டு வெண்ட ஆளின்ர விலாசத்தை அவனுக்குத் தட்டிவிட்டால், அவன் நேர அந்த வீட்டுக்கே ஏத்தி விடுவான். நடுவில என்ர கை படாது. ரெண்டு வருசமா வித்த ஒரு சாமானையும் நான் கண்ணால கண்டதில்ல. கண்ட முதல் சாமான் இதுதான்.

நான் போட்டது சீலைப்பெட்டி. தேக்கு, பித்தளைக் கைபிடி. கூறைச் சீலைக்கெண்டே செய்தது எண்டு நானே எழுதினனான். வீரசிங்கம் ஐயாவைத் தெரியும்தானே? கோயில் மாம்பழ ஏலத்தில ஒருத்தருக்கும் விட்டுக்குடுக்காத மனிசன். போனிலயும் அதே குணம்தான். ஆர் கேட்டாலும் அதுக்கு மேல கேக்கிறார். மற்றப் பக்கம் கூட்டிக் கூட்டிக் கேட்டது நான்தான். கள்ளப் பேரில. பிழைதான், ஒத்துக்கொள்ளுறன். அவரெண்டு தெரிஞ்சிருந்தால் செய்திருப்பனோ? அவர் கோணேசர் அடியான் எண்டு பேர் போட்டிருக்கிறார். ஊரில பாதிச் சனம் அப்பிடித்தான் போடுது.

விலாசமோ? அதை ஆர் வாசிக்கிறது, அப்பிடியே அனுப்புறதுதான்.

பிறகு சப்ளையர் மெசேஜ் போட்டான். சீலைப்பெட்டி முடிஞ்சுதாம், அதே மரம், அதே கைபிடி, கொஞ்சம் நீளம் கூட, அனுப்பவோ எண்டு. நான் பஸ்ஸில தொங்கிக்கொண்டு நிண்டனான். ஓம் எண்டு அமத்திப்போட்டன்.

லொறி நேற்று வந்தது, பலகாரச் சூடு நடக்கேக்க. முற்றத்தில எண்ணெய் கொதிக்குது, பொம்பிளையள் இருபது பேர் பணியாரம் சுடுகினம். நாலு பேர் இதைக் காவிக்கொண்டு கேற்றால வாறாங்கள். ஒரு மனிசி செத்தது ஆரெண்டும் கேக்காமல் நெஞ்சில அடிச்சு அழத் தொடங்கிட்டுது. சத்தம் கேட்டு தெருப் பெடியள் செத்த வீட்டு வெள்ளைக்கொடி கட்டிட்டாங்கள். பக்கத்து வீட்டு அபூதாஹிர் நானா ஐம்பது கதிரை கொண்டந்து இறக்கிப்போட்டு, ஐயாவின்ர கையைப் பிடிச்சு, எப்பிடி நடந்தது எண்டு கேட்டிருக்கிறார். படத்தில நல்லாத்தான் இருந்தது எண்டு ஐயா சொல்லியிருக்கிறார்.

அந்த நேரம் பாத்து மழை. சுட்ட பணியாரம் நனையப்போகுது. மூடியுள்ள பெரிய பாத்திரம் உதுதானே, எல்லாத்தையும் உதுக்குள்ள கொட்டி மூடிட்டினம். அதுதான் அந்த மணம்.

இப்ப கதை அதில்ல. தாய் வள்ளியம்மா கல்யாணத்தை நிப்பாட்டச் சொல்லிட்டா. ஆரோ எரிச்சலில வேணுமெண்டு செய்த வேலையாம். வித்தவன் ஆரெண்டு தெரியாமல் தாலி ஏறாது எண்டு சாமியறையில கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணிட்டா. ஐயா, அவன் ஆப்பிட்டால் காலை முறிக்கிறன் எண்டு நிக்கிறார்.

பிரசாந்தியோ? அது குசினிக்குள்ள இருந்து அழுதுகொண்டிருக்கு. அதைத்தான் அண்ணை என்னால தாங்க ஏலாமல் கிடக்கு.

நீங்கள் ஒரு சதமும் தர வேண்டாம். சும்மா எடுங்கோ. எடுப்பியளோ? நல்லா இருப்பியள். அந்தப் பக்கம் பிடியுங்கோ, பாரம். மெல்ல, மெல்ல.

எனக்கேன் அந்த வீட்டில இவ்வளவு அக்கறை எண்டோ? நாளைக்குத் தாலிக்குப் பொன்னுருக்கு எங்கட வீட்டிலதானே. ஓம், மாப்பிளை நான்தான். பெட்டியை எங்கயாவது தள்ளிப்போட்டு, வித்தவனையும் பிடிச்சுக்கொண்டு வாங்கோ தம்பி, உங்களை விட்டால் எனக்கு ஆர் இருக்கினம் எண்டு மாமா அழாக்குறையாச் சொல்லித்தான் என்னை அனுப்பினவர். பெட்டி சரி, நீங்கள் எடுத்திட்டியள். மற்றவனை நான் எப்பிடியண்ணை கூட்டிக்கொண்டு போறது?