தலைமை மருத்துவர் என்று சொல்ல மாட்டேன்

மேடையில் வீற்றிருக்கும் நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களே, மருத்துவர்களே, செவிலியர் சகோதரிகளே, பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோர்களே, முன்வரிசையில் கணவரை இழந்து அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாரும் மறைந்த நம் டாக்டரைத் 'தலைமை மருத்துவர்' என்றார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் அவரை 'மாத்திரை மாமா' என்றார்கள். எனக்கும் அவர் மாத்திரை மாமாதான்.

கவனக்குறைவுக் கோளாறு உள்ள குழந்தைகளுக்கு அவர் மருந்து எழுதுவார். அடுத்த அறையில் நான் விளையாட்டுச் சிகிச்சை தருவேன். நடுவில் ஒரு கதவு. அதைச் சாத்தவே விட மாட்டார். "நான் குடுக்குற மாத்திரை வேலை செய்யுதான்னு உங்க ரூம்லதாம்மா தெரியும்" என்பார்.

ஒரு சிறுமி வந்தாள். கட்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்டுவோம், ஆளுக்கொரு கட்டை. தன் முறை வருவதற்குள் தட்டிவிட்டு ஓடிவிடுவாள். மருந்து தொடங்கியதும் காத்திருந்தாள். கோபுரம் அவள் தோள்வரை எழுந்தது. அவள் தாய்க்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நான் மட்டும் போய், "டாக்டர், கோபுரம் நிக்குது. ஆனா புள்ள சிரிக்க மாட்டேங்குதே" என்றேன்.

வேறு யாராயிருந்தாலும் "உன் வேலையைப் பார்" என்றிருப்பார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? எழுந்து வந்தார். தரையில் சம்மணமிட்டு அவளோடு விளையாடினார். மருந்தின் அளவைக் குறைத்தார். சில வாரம் கழித்துக் கோபுரம் சரிந்தபோது அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு தானே உட்கார்ந்து மறுபடியும் அடுக்கினாள்! "பாத்தீங்களா! மாத்திரை புள்ளைய உக்கார வெக்குது. உக்காந்து என்ன பண்றதுன்னு நீங்க சொல்லித் தர்றீங்க" என்று துள்ளிக் குதித்தாரே, அந்த மனிதர்!

அந்த மனிதர்தானா நிர்வாகக் கூட்டத்தில் எழுந்து நின்று, "விளையாட்டு ஒரு கூடுதல் வசதிதான், மருந்தே போதும்" என்றார்? பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேனே! ஒரு முறையாவது என் முகத்தைப் பார்த்தாரா? என் அறை ஸ்கேன் அறையானது. கதவு இருந்த இடத்தில் சுவர் எழுந்தது. அதே வாரம் அவர் தலைமை மருத்துவரானார்.

நடையில் மறித்து, "ஏன் டாக்டர்?" என்று கேட்டேன். "இப்ப எதுவும் கேக்காதீங்கம்மா" என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதன்பின் என்னைக் கண்டால் வேறு படிக்கட்டில் இறங்கினார். முன்பின் தெரியாதவர் செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். இவரோடு எப்படிச் சண்டை போடுவேன்? என்றாவது வாய் திறப்பார் என்று காத்திருந்தேன். சொல்லாமலே போய்விட்டார்! இனி யாரைக் கேட்பேன்?

இரங்கல் கூட்டத்தில் இதைப் பேசலாமா என்று நேற்று அண்ணியிடமே கேட்டேன். "எங்கிட்டயும் அவர் காரணம் சொல்லல. பதவி வந்த அன்னைக்கு வீட்டுல ஒரு வார்த்தை பேசல. நீங்க நடந்தத நடந்தபடி சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டேன், அண்ணி.

செவிலியர் சகோதரி ஒருவர் தம் வீட்டு முன்னறையை ஒழித்துக் கொடுத்திருக்கிறார். திங்கட்கிழமை முதல் அங்கே விளையாட்டு தொடங்கும். பெற்றோர்களே, விளையாட்டு கிடைத்துவிட்டதென்று உங்கள் மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தாதீர்கள். மருந்து இருக்கிறதென்று விளையாட்டையும் விட்டுவிடாதீர்கள். இதை எனக்குக் கற்றுத் தந்தவரும் அவர்தான். தலைவர் அவர்களே, பழைய அறை திரும்பக் கிடைக்கும்வரை உங்கள் வாசலுக்கு வந்துகொண்டே இருப்பேன்.

டாக்டர், உங்கள்மேல் உள்ள கோபம் ஆறவில்லை. ஆறிவிடும் என்று இந்தச் சபையில் என்னால் வாக்குக் கொடுக்க முடியவில்லை. பிள்ளைகளைக் கைவிட மாட்டேன். அந்த ஒரு வாக்கை மட்டும் கொடுக்கிறேன்.

போய் வாருங்கள்.