நசுங்கிய பால் டின்

ரிங்லெட் ஊரிலிருந்து கிளம்பிய பஸ் தேயிலைச் சரிவில் ஏறும்போது, முன் இருக்கை அம்மாள் தன் தோழியிடம் சொன்னார்: "எல்லாக் கடையிலயும் டின்ன நசுக்கச் சொல்லிட்டேன்."

"ஏன்க்கா?"

"நாடு முழுக்கக் கிளை போட்ட கம்பெனி என் மீன் கறிப் பக்குவத்த வாங்குச்சில்ல? எல்லா ஊர்லயும் ஒறைப்பு ஜாஸ்தி. நம்ம சாப்பாடு கிளைக் கடைக்கெல்லாம் ஒத்து வராதுன்னு மேனேஜரு கைய விரிச்சிட்டாரு."

"அப்புறம்?"

"எஸ்டேட் கேண்டீனுக்கே வந்து பாத்தாரு. நான் மொளகாத்தூள் அளக்கிற பால் டின் ஒரு பக்கம் நசுங்கிக் கெடக்கு. அவங்க டின்னு புதுசுலா, தூள் கூடப் புடிக்குது."

"இப்ப?"

"நேத்து ஈப்போ கடையில சாப்பிட்டேன். அப்படியே நம்ம கேண்டீன் ருசி."

தோழி சிரித்தாள். அம்மாள் சிரிக்கவில்லை.

"அடுத்த வாரம் ஜொகூர்ல புதுக் கடை. டின்ன நானே வந்து நசுக்கணுமாம். பிளைட் டிக்கெட் அனுப்பியிருக்காங்க."