சந்தனம் வைத்த ஸ்குரூ

படகு மோட்டாருக்குக் கியர் ஆயிலை மேலேயிருந்து ஊற்றக் கூடாது ஐயா. ஸ்கூட்டர் பழக்கத்தில் எல்லாரும் அந்தத் தப்பைத்தான் செய்வார்கள். தண்ணீருக்குள் நிற்கும் மோட்டாரின் காலில் இரண்டு ஸ்குரூ இருக்கும், மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டையும் கழற்றிப் பழைய ஆயிலை வடியவிட்டு, புதியதைக் கீழ் ஓட்டை வழியாக ஏற்ற வேண்டும். மேல் ஓட்டையில் ஆயில் எட்டிப் பார்த்தால் நிறைந்துவிட்டது. இதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஐம்பத்தொரு வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டவன் வேறு எதை எழுதுவான், காவியமா?

முத்தாபுதுப்பேட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் குடியிருப்புக்கு ஏரிப்பார்வை என்று பெயர். யாரும் ஏரியைப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. நல்ல மழை பிடித்தால் அதுவே எங்களைப் பார்க்க வந்துவிடும். அதனால்தான் குடியிருப்போர் சங்கத்தார் ஒரு படகும் மோட்டாரும் வாங்கிக் கார் நிறுத்துமிடத்தில் போட்டார்கள். அதைத் துடைத்துக் கழுவிப் பார்த்துக்கொள்வது வாட்ச்மேனான நான். ஓட்டுவது இருதயராஜ். காசிமேட்டுக்காரன், இங்கே ஜெனரேட்டர் பார்க்க வந்தவன்.

போன வருஷ வெள்ளத்தில் மோட்டாரில் குப்பை சிக்கியபோதெல்லாம் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கிப் படகைத் தள்ளினேன். அப்போது எடுத்த போட்டோவை லிஃப்ட் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். அதில் இருதயராஜ் முழுசாக இருக்கிறான், பல் உட்பட. நான் படகு விளிம்பைப் பிடித்த ஒரு கையாக இருக்கிறேன். கை நன்றாகத்தான் விழுந்திருக்கிறது. யாருடையது என்றுதான் எழுதவில்லை.

அன்றிலிருந்து அவன் எனக்குக் கை என்று பெயர் வைத்துவிட்டான்.

"இன்னா கை, துன்னியா?"

"கை வந்துகினு கீது, வழி உடுங்கபா."

சங்கச் செயலாளர் ரவிச்சந்திரன் சார் சிரிப்பார். பெருக்குகிற நாகம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பாள். நானும் சிரித்தேன். பத்து மாதம் சிரித்தேன். வாய்தான் வலித்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஆயில் மாற்றுவது வழக்கம். இந்த வருஷமும் பழையதை வடித்தேன். புதியதை ஏற்றவில்லை. இரண்டு ஸ்குரூவுக்கும் புது வாஷர் போட்டு இறுக்கினேன். வேலையில் நான் சுத்தம். மிஞ்சிய ஆயிலை, அதாவது முழு ஆயிலையும், பெரிய கேட்டின் கீல்களில் விட்டேன். நீங்கள் வந்தபோது கேட் கிரீச்சிடவில்லையே, கவனித்தீர்களா?

என் யோசனை சின்னது. ஆயில் இல்லாத பல்சக்கரம் சூடேறி இறுகும். மோட்டார் எல்லார் முன்னாலும் நிற்கும். அவன் திருதிருவென்று விழிப்பான். நான் கயிறு வீசி இழுத்துவருவேன். அடுத்த போட்டோவில் முகம் வரும்.

மறுநாள் மோட்டாருக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தேன். மேல் ஸ்குரூவின் மேலேயே பெரிய பொட்டாக அப்பினேன். இருதயராஜ் ஸ்பேனரோடு வந்தான்.

"ஆயில் ஏத்திட்டியா கை? ஒரு தபா தொறந்து பாத்துக்கறேன்."

"பூஜ போட்ட மெஷின்பா. பொட்டு கலஞ்சா சங்கத்துல இன்னா சொல்லுவாங்கோ?"

அவன் ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டான். "நான் வேதக்காரன், உங்க சாமி மேல கை வெக்கல. நீ பாத்தா சரிதான்."

அந்தப் பொட்டு எதற்கு என்று சாமிக்கே தெரிந்திருக்காது.

ஐப்பசியில் ஏரி வந்தது. காலை ஒன்பது மணிக்கு மூன்றாம் மாடி வர்ஷாவுக்குப் பிரசவ வலி எடுத்தது. கையைப் பிடித்துப் படகில் ஏற்றி உட்கார வைத்தது நான்தான். அப்போதே சொல்லியிருக்கலாம். வாசலில் அத்தனை பேர் நின்றார்கள், கூச்சமாக இருந்தது. "பாத்துப் போம்மா" என்று சொல்லிக் கேட்டைத் திறந்தேன். சத்தமில்லாமல் திறந்தது.

மோட்டார் நிற்கவில்லை. மெயின் ரோடு வரை கொண்டுபோய் அந்தப் பெண்ணை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டான். பெண் குழந்தை, இருவரும் நலம். உண்மையைச் சொன்னால், மோட்டார் சத்தம் நிற்காமல் தூரத்தில் போய்க்கொண்டே இருந்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

அவன் தனியாகத் திரும்பி வரும்போதுதான், கேட்டுக்கு எதிரே கால்வாய் குறுக்கிடும் இடத்தில், மோட்டார் அலறிவிட்டு இறுகியது. படகு பக்கவாட்டில் திரும்பிப் பாலத்தை நோக்கி இழுபட்டது. எனக்கும் அவனுக்கும் முப்பது அடி இருக்கும். கயிறு காலையிலிருந்தே என் தோளில் சுற்றித் தயாராக இருந்தது.

"முனியண்ணே, கயிறு போடுண்ணே."

பத்து மாதத்தில் முதல் தடவையாகப் பெயரைச் சொன்னான். கேட்க நன்றாக இருந்தது.

பாலத்தடியில் படகு கவிழ்ந்தது. மறுநாள்தான் அவன் கிடைத்தான். இப்போது அந்தப் போட்டோவுக்குப் பெரிய மாலை போட்டிருக்கிறார்கள். மாலை என் கையை மறைத்துவிட்டது.

நேற்று நீங்கள் எழுதிய தாளை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஆயில் கசிந்து மோட்டார் பழுதானது, விபத்து என்று இருக்கிறது. அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். கசியவில்லை ஐயா. நான் இறுக்கிய ஸ்குரூ கசியாது. ஆயிலை ஏற்றாமல் விட்டவன் நான். கயிற்றைத் தோளில் வைத்துக்கொண்டு வீசாமல் நின்றவனும் நான்தான்.

ஏன் வீசவில்லை என்று கேட்பீர்கள். மழை இரைச்சலில் அவன் கூப்பிட்டது என் காதில் மட்டும்தான் விழுந்தது. பின்னால் நின்ற ரவிச்சந்திரன் சாருக்கும் நாகம்மாவுக்கும் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை முனியண்ணே என்று கூப்பிடட்டும், உடனே வீசிவிடலாம் என்று காத்திருந்தேன். அவன் கூப்பிடவில்லை. அவன் மேல் எனக்கு அந்த ஒரு குறைதான்.